சோமாலிலாந்து: தானே கைவிட்ட எல்லையை மீண்டும் கேட்பது ஏன்?

கடற்கோடி (கேள்வி):

காலனிய ஆட்சியாளர்கள் ஆப்பிரிக்காவில் அளவுகோல் வைத்து எல்லை வகுத்தார்கள், ஒரே மக்களைப் பல நாடுகளாகப் பிரித்தார்கள், அதனால்தான் அங்கே இன்றுவரை சண்டை ஓயவில்லை என்ற விளக்கத்தைப் பள்ளிக் காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன். ஆப்பிரிக்கக் கொம்பின் வரலாற்றைச் சில வாரங்களாகப் படித்தபோது, அந்த விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுவதாகத் தோன்றியது.

சோமாலியர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒரே சமயத்தவர்கள். அவர்கள் வாழ்ந்த நிலத்தைப் பிரிட்டன், இத்தாலி, பிரான்சு, எத்தியோப்பியா ஆகியவை பங்கிட்டுக்கொண்டன. 1960-இல் பிரிட்டிஷ் பகுதியும் இத்தாலியப் பகுதியும் தாமாகவே ஒன்று சேர்ந்து ஒரே குடியரசாயின. அதாவது, காலனிய எல்லை ஒன்றை அந்த மக்களே துடைத்தெறிந்தார்கள். ஆனால் 1991-இல் வடபகுதி பிரிந்து சென்று தன்னைச் சோமாலிலாந்து என்று அறிவித்துக்கொண்டபோது, மொழியையோ குலத்தையோ காட்டி அது எல்லை கேட்கவில்லை. பிரிட்டன் வகுத்துவிட்டுப் போன அதே எல்லையைத்தான் கேட்டது.

என் ஐயம் இதுதான். பிரித்ததுதான் நோய் என்றால், சேர்ந்தபின் அது குணமாகியிருக்க வேண்டாமா? அந்நியன் போட்ட கோடு என்று ஒரு காலத்தில் வெறுத்ததையே பிற்காலத்தில் உரிமைப் பத்திரமாக நீட்டுவதை எப்படிப் புரிந்துகொள்வது? இப்பகுதியை ஆழ்ந்து படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழஞ்சுவடி:

கோடு போட்டதை மட்டும் பார்த்தால், நீங்கள் சொல்வதுபோல விளக்கம் பாதியிலேயே நின்றுவிடும். கோட்டின் இரு புறமும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நடந்த ஆட்சிகள் எவ்வளவு வேறுபட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டன் 1839-இல் ஏடன் துறைமுகத்தைக் கைப்பற்றியது. அங்கிருந்த படையினருக்கு வேண்டிய இறைச்சி, எதிர்க்கரையில் உள்ள பெர்பராவிலிருந்து ஆடு மாடுகளாகக் கப்பலேறி வந்தது. எகிப்தியர்கள் 1884-இல் அந்தக் கரையை விட்டு விலகத் தொடங்கியதும், வேறு எந்த வல்லரசும் அங்கே கால் வைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பிரிட்டன் கரையோரக் குலங்களோடு தனித்தனியாக ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. அந்தக் குலங்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பாதுகாப்பை மட்டுமே ஏற்றன. அடுத்தடுத்து வந்த எல்லை ஒப்பந்தங்களோ அவர்களைக் கேட்காமலேயே முடிந்தன: 1888-இல் பிரான்சோடு, 1894-இல் இத்தாலியோடு, 1897-இல் எத்தியோப்பியாவோடு. பிரிட்டனுக்கு வேண்டியது ஏடனுக்கான இறைச்சிதான் என்பதால், அது உள்நாட்டை ஆழமாக ஆள முற்படவில்லை. முகமது அப்துல்லா ஹசன் தலைமையிலான தர்வீஷ் கிளர்ச்சி 1899 முதல் 1920 வரை நீடித்து, இறுதியில் விமானக் குண்டுவீச்சால் அடக்கப்பட்ட பிறகும் இந்த நிலை பெரிதாக மாறவில்லை. செலவைக் குறைத்துக் குலப் பெரியவர்கள் வழியாக ஆட்சி நடத்துவதே அங்கே முறையாயிற்று.

தெற்கில் நடந்தது வேறு. ஜூபா, ஷெபெல்லே ஆகிய இரு ஆறுகள் பாயும் நிலத்தில் இத்தாலி குடியேற்றக்காரர்களைக் கொண்டுவந்தது. வாழைத் தோட்டங்கள் அமைத்தது. மொகதிசுவை மையமாகக் கொண்டு நேரடி நிர்வாகத்தை நிறுவியது. 1941-இல் பிரிட்டிஷ் படைகள் இத்தாலியரைத் தோற்கடித்தன என்றாலும், 1950-இல் ஐ.நா. பொறுப்பாட்சி என்ற பெயரில் அதே இத்தாலியிடம் அந்தப் பகுதி பத்தாண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டது. இடையில், 1946-இல், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் சோமாலிய நிலங்கள் பெரும்பாலானவற்றை ஒரே பொறுப்பாட்சியின் கீழ்க் கொண்டுவரலாம் என்று ஒரு யோசனை முன்வைத்தார். பிற வல்லரசுகள் அதை ஏற்கவில்லை. ஒன்றுபட்ட சோமாலியா என்ற கனவுக்கு ஒரு பேரரசின் அமைச்சரே வரைபடம் காட்டினார் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இப்போது 1960-க்கு வருவோம். பிரிட்டிஷ் சோமாலிலாந்து ஜூன் 26 அன்று விடுதலை பெற்றது. தெற்கு ஜூலை 1 அன்று விடுதலை பெற்ற அதே நாளில் இரண்டும் இணைந்தன. வடக்கு ஐந்து நாள்கள் மட்டுமே தனிநாடாக இருந்தது. 123 உறுப்பினர்கள் கொண்ட பேரவையில் தெற்குக்கு 90 இடங்கள், வடக்குக்கு 33. தலைநகர் மொகதிசு. குடியரசுத் தலைவரும் தலைமை அமைச்சரும் தெற்கத்தியர்கள். ஒரே மொழி என்று நீங்கள் குறிப்பிட்டீர்கள் அல்லவா? அந்த மொழிக்கு 1972 வரை அதிகாரபூர்வமான எழுத்துமுறை கிடையாது. ஆகவே வடக்கின் அலுவலர் ஆங்கிலத்தில் கோப்பு எழுதினார், தெற்கின் அலுவலர் இத்தாலிய மொழியில் எழுதினார். வீட்டில் ஒரே மொழி பேசிய இரு அலுவலர்கள், மேசைக்கு வந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாத நிலை இருந்தது. சட்டமும் வரியும் படைப்பயிற்சியும் இவ்வாறே இரண்டு தடங்களில் ஓடின.

கசப்பு ஓராண்டுக்குள்ளேயே வெளிப்பட்டது. 1961 ஜூனில் அரசியலமைப்பின் மீது நடந்த பொதுவாக்கெடுப்பை வடக்கில் பலர் புறக்கணித்தனர். வாக்களித்தோரிலும் பெரும்பாலோர் எதிராகவே வாக்களித்தனர். அந்த ஆண்டு டிசம்பரில், பிரிட்டனில் பயிற்சி பெற்ற வடபகுதி இளம் படை அதிகாரிகள், வடக்கின் முதன்மை நகரான ஹர்கெய்சாவில் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றனர்.

பிறகு நடந்தவற்றுக்கு இத்தாலியையோ பிரிட்டனையோ குற்றம் சொல்வதற்கில்லை. 1969-இல் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரே, 1977-இல், எத்தியோப்பியாவுக்குள் சோமாலியர்கள் வாழும் ஒகாடேன் பகுதியைக் கைப்பற்ற அந்நாட்டின் மீது படையெடுத்தார். சோவியத் ஒன்றியம் அணி மாறி எத்தியோப்பியாவுக்குத் துணை நின்றது; கியூபப் படைகளும் வந்தன; 1978 மார்ச்சில் சோமாலியப் படை பின்வாங்கியது. ஒகாடேனிலிருந்து வந்த ஏதிலிகள் பெருந்திரளாக வடக்கில் குடியமர்த்தப்பட்டபோது, அங்கே பெரும்பான்மையினரான இசாக் குலத்தவர் தங்கள் மேய்ச்சல் நிலமும் அரசின் பரிவும் தங்களிடமிருந்து பறிபோவதாகக் கருதினர். 1981-இல் இலண்டனில் சோமாலி தேசிய இயக்கம் உருவாயிற்று. 1988-இல் அரசின் விமானங்களே ஹர்கெய்சா மீது குண்டு பொழிந்தன.

குண்டுகள் விழுந்த பிறகு பிரிட்டிஷ் எல்லைக்குப் புதிய பொருள் கிடைத்தது என்பது என் கருத்து. 1960-இல் அது அந்நியன் பிரித்த கோடு. 1988-க்குப் பின் அது மொகதிசுவின் அதிகாரம் தங்களை வந்தடையாமல் தடுக்கும் வேலி. முகமது இப்ராகிம் எகால் என்ற ஒரே மனிதரின் வாழ்க்கையில் இந்த மாற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 1960-இல் வடக்கை இணைப்புக்கு அழைத்துச் சென்ற தலைமை அமைச்சர் அவர்தான். 1967 முதல் 1969 வரை ஒன்றுபட்ட சோமாலியாவின் தலைமை அமைச்சராக இருந்தவரும் அவர்தான். 1993 முதல் 2002-இல் இறக்கும்வரை பிரிந்த சோமாலிலாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தவரும் அவரே. அவர் கொள்கை மாறினார் என்று சிலர் எழுதுகிறார்கள். கொள்கை மாறியதைவிட, சேர்ந்து பார்த்த அனுபவம் அவருக்குப் போதுமானதாக இருந்தது என்றே நான் படிக்கிறேன்.

வடமீன்:

பழஞ்சுவடி அவர்களின் விளக்கத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் பேரரசு என்றவுடன் ஐரோப்பாவை மட்டும் நினைத்துக்கொள்ளும் பழக்கம் அதிலும் இருக்கிறது. சோமாலியர்களின் நிலத்தைப் பங்கிட்டவர்களில், பின்னர் எத்தியோப்பியப் பேரரசரான மெனலிக்கும் ஒருவர். அவர் 1887-இல் ஹராரைக் கைப்பற்றினார். ஒகாடேன் சமவெளிக்கு வாயில் அந்த நகரம்தான். 1896-இல் அத்வாவில் இத்தாலியரை முறியடித்த பிறகு, ஐரோப்பிய வல்லரசுகள் அவரைப் பங்கிடப்படும் நிலமாக அல்லாமல் பங்கிடும் மேசையில் ஒருவராக நடத்த வேண்டியதாயிற்று. மறு ஆண்டே பிரிட்டிஷ் தூதுக்குழு அடிஸ் அபாபாவுக்குச் சென்று, ஹவுத் மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதி எத்தியோப்பியாவின் எல்லைக்குள் வருமாறு ஒப்பந்தம் செய்தது. இசாக் மேய்ப்பர்கள் மழைக்காலத்தில் ஒட்டகங்களை ஓட்டிச் செல்லும் நிலம் அது. மேய்ச்சல் உரிமை காகிதத்தில் காக்கப்பட்டது. நிலத்தின் உடைமை கைமாறியது. 1941-க்குப் பின் பிரிட்டிஷ் படை நிர்வாகத்தில் இருந்த ஹவுத்தை 1954 ஒப்பந்தப்படி பிரிட்டன் முழுமையாக எத்தியோப்பியாவிடம் விட்டு விலகியபோதுதான் ஹர்கெய்சாவில் விடுதலை அரசியல் சூடுபிடித்தது. சோமாலியக் கொடியில் உள்ள விண்மீனின் ஐந்து முனைகள் ஐந்து சோமாலிய நிலங்களைக் குறிப்பவை என்பதும், அந்தக் கொடி அதே 1954-இல் உருவானது என்பதும் இந்த இடத்தில் நினைக்கத் தக்கவை.

எத்தியோப்பியா காலனியாக இருக்கவில்லை என்பது உண்மை. அதனாலேயே, 1963-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அடிஸ் அபாபாவில் தோன்றியபோது, காலனிய எதிர்ப்பின் அடையாளமாக நின்ற நாடே காலனிய எல்லைகளைக் காப்பதில் மிகவும் உறுதியாக இருந்தது. அதன் தென்கிழக்கு எல்லை முழுவதும் அந்த ஒப்பந்தங்களின் பயன்தானே?

கென்யாவையும் விட்டுவிடக் கூடாது. வடக்கு எல்லைப்புற மாவட்டத்தைப் பிரிட்டிஷார் மூடிய பகுதியாக வைத்திருந்தனர். உரிமச் சீட்டு இல்லாமல் உள்ளே செல்லவும் வெளியே வரவும் இயலாது. ஒருவர் செய்த குற்றத்துக்குக் குலம் முழுவதையும் தண்டிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1962-இல் பிரிட்டன் அனுப்பிய ஆணையம், அங்குள்ள சோமாலியர்கள் சோமாலியாவோடு சேரவே விரும்புவதாகக் கண்டறிந்தது. இருந்தும் 1963-இல் அந்த மாவட்டம் கென்யாவுடனேயே விடப்பட்டது. அடுத்த நான்கு ஆண்டுகள் அங்கே ஆயுதப் போராட்டம் நடந்தது. 1963 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1991 வரை விலக்கப்படவில்லை. 1984-இல் வஜீர் அருகே வகாலா விமான ஓடுதளத்தில் கென்யப் பாதுகாப்புப் படையினர் சோமாலிய ஆண்களை அடைத்துவைத்துக் கொன்றது அந்தக் காலத்தில்தான். 1989-இல் சோமாலி இனக் குடிமக்கள் மட்டும் தனியாகச் சோதிக்கப்பட்டுத் தனி அட்டை வைத்திருக்குமாறு செய்யப்பட்டனர். கென்யா பிரிட்டனிடமிருந்து எல்லையை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை, அந்த எல்லைப்புறத்து மக்களை ஐயத்தோடு பார்க்கும் கண்ணையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. கோட்டைவிட அதுதான் அதிகச் சேதம் செய்தது.

தூரிகை:

சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். ஏனெனில் கேள்வி கேட்டவர் பயன்படுத்திய உரிமைப் பத்திரம் என்ற சொல் மிகச் சரியானது.

1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், விடுதலை பெற்ற நாளில் இருந்த எல்லைகளை மதிப்பதாகத் தீர்மானம் நிறைவேற்றினர். சோமாலியா அதை ஏற்கவில்லை, மொராக்கோவும் ஏற்கவில்லை. இன்று சோமாலிலாந்து தன் வழக்கை அந்தத் தீர்மானத்தின் மீதே கட்டுகிறது. 1960 ஜூன் 26 அன்று நாங்கள் விடுதலை பெற்றோம், அன்று எங்களுக்கு இன்ன எல்லை இருந்தது, ஆகவே நாங்கள் புதிதாகப் பிரியவில்லை, பழைய நிலைக்குத் திரும்புகிறோம் என்பது அதன் வாதம். மொகதிசுவின் மறுமொழியும் வலுவற்றது அல்ல: தீர்மானம் நிறைவேறியபோது இருந்த நாடு சோமாலியக் குடியரசு ஒன்றுதான், விரும்பிச் செய்த இணைப்பை ஒரு தரப்பு மட்டும் முறித்துக்கொள்ள இயலாது.

இணைப்பே முறையாக நடந்ததா என்பதில் வேடிக்கையான சிக்கல் உண்டு. வடக்கின் பேரவை ஒரு வாசகத்தை நிறைவேற்றியது. தெற்கின் பேரவை வேறொரு வாசகத்தைக் கொள்கை அளவில் ஏற்றது. இரண்டும் ஒன்றல்ல என்பதை உணர்ந்து, 1961 ஜனவரியில் புதிய இணைப்புச் சட்டம் ஒன்றை முன்தேதியிட்டு இயற்றினர். முன்பு சொன்ன இளம் அதிகாரிகள் மீதான வழக்கு விசாரணைக்கு வந்தபோது, செல்லத்தக்க இணைப்புச் சட்டம் இல்லாத நிலையில் அவர்களைத் தண்டிக்க முடியாது என்ற அடிப்படையில் நீதிபதி அவர்களை விடுவித்தார். நாட்டின் நீதிமன்றமே நாட்டின் இணைப்பை ஐயுற்ற நிகழ்வு அது.

எரித்திரியாவையும் இங்கே ஒப்பிடலாம். இத்தாலி 1890-இல் உருவாக்கிய காலனி அது. ஐ.நா. தீர்மானப்படி 1952-இல் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைக்கப்பட்டு, 1962-இல் முற்றிலும் விழுங்கப்பட்டு, முப்பதாண்டுப் போருக்குப் பின் 1993-இல் அதே இத்தாலிய எல்லையோடு தனிநாடாயிற்று. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அதை ஏற்றதற்குக் காரணம், அடிஸ் அபாபாவில் அமைந்த புதிய அரசு பிரிவினைக்கு உடன்பட்டதுதான். சோமாலிலாந்துக்கு மொகதிசுவின் அந்த உடன்பாடு இல்லை. வரலாற்று வாதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியம் 2005-இல் அனுப்பிய ஆய்வுக் குழுவே சோமாலிலாந்தின் வழக்கு தனித்தன்மை வாய்ந்தது என்று எழுதியது. ஒன்றியம் அந்த அறிக்கையின் மீது அங்கீகாரம் வழங்கவில்லை. இன்றுவரை அது ஐ.நா. உறுப்பு நாடும் அல்ல.

இத்தாலிய எல்லை எரித்திரியாவுக்கு அமைதியைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1998 முதல் 2000 வரை பட்மே என்ற சிற்றூரை முன்னிட்டுத் தொடங்கிய போரில் பல்லாயிரம் பேர் மாண்டனர். 2002-இல் எல்லை ஆணையம் 1900, 1902, 1908 ஆண்டு ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து, பட்மே எரித்திரியாவைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. எத்தியோப்பியா அதை நிபந்தனையின்றி ஏற்பதாக அறிவிக்க 2018 வரை ஆயிற்று. எரித்திரியா பிரிந்ததால் கடற்கரை இல்லாத நாடான எத்தியோப்பியா, 2024 ஜனவரி முதல் நாளில் சோமாலிலாந்தோடு கடல்வழி கேட்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்ததும், மொகதிசு கொதித்தெழுந்ததும், அந்த ஆண்டு டிசம்பரில் அங்காராவில் சமரசம் பேசப்பட்டதும் இதே வரலாற்றின் தொடர்ச்சிதான்.

கடற்கோடி:

மூவருக்கும் நன்றி. அலுவலகக் கோப்பின் மொழி பற்றிய செய்தி என் கேள்வியின் முதல் பாதிக்கு விடையாகவே அமைந்துவிட்டது. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் இசாக் குலத்தவர் அல்லர் என்று படித்தேன். மொகதிசுவிடமிருந்து பாதுகாக்கும் வேலி என்று பழஞ்சுவடி அவர்கள் குறிப்பிட்டது மற்றவர்களுக்கும் பொருந்துமா? குறிப்பாக, 2023-இல் கிழக்கே உள்ள லாஸ் அனோத் நகரில் நடந்ததை எப்படி விளங்கிக்கொள்வது?

பழஞ்சுவடி:

பொருந்தாது, என் முந்தைய விளக்கத்தின் குறை அது. வடமீன் அவர்கள் எத்தியோப்பியாவையும் கென்யாவையும் சேர்த்துச் சொன்னதும் சரியே.

பிரிட்டன் ஆண்ட பழைய காப்பாட்சிப் பகுதியின் கிழக்கில், சூல் பகுதியில் வாழ்கிற துல்பஹாந்தே குலத்தவர் தாரோத் குலக்குழுவைச் சேர்ந்தவர்கள். தர்வீஷ் கிளர்ச்சிக்கு ஆள்பலம் தந்தவர்களில் அவர்கள் முதன்மையானவர்கள். 1920-இல் குண்டு விழுந்த தலேஹ் கோட்டை அவர்கள் நிலத்தில் இருக்கிறது. இசாக் குலத் தலைவர்கள் பிரிட்டனோடு ஒப்பந்தம் செய்தவர்கள். துல்பஹாந்தே மக்கள் அத்தகைய ஒப்பந்தம் எதுவும் தாங்கள் செய்யவில்லை என்று இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிரிட்டனை எதிர்த்து இருபது ஆண்டுகள் போரிட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம், பிரிட்டன் வகுத்த எல்லைக்குள் இருப்பதால் நீங்கள் எங்கள் குடிமக்கள் என்று ஹர்கெய்சா சொன்னால் அது எப்படி ஒலிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். 1988-இன் நினைவும் அவர்களுக்கு இசாக் மக்களுக்கு இருப்பதுபோல இல்லை.

கிழக்கே 1998-இல் உருவான புண்ட்லாந்து, குல உறவை அடிப்படையாகக் கொண்டு சூல், சனாக் பகுதிகளைத் தனக்குரியவை என்கிறது. ஒரு தரப்பு ஒப்பந்தத்தைக் காட்டுகிறது, மறு தரப்பு வம்சாவளியைக் காட்டுகிறது. இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. 2007-இல் லாஸ் அனோதைப் புண்ட்லாந்திடமிருந்து சோமாலிலாந்துப் படைகள் கைப்பற்றின. 2022-இன் இறுதியில் நகரில் தொடங்கிய ஆர்ப்பாட்டங்கள், 2023 பிப்ரவரியில் குலப் பெரியவர்கள் சோமாலியாவின் கூட்டரசோடு இருப்பதாக அறிவித்ததும் முழுப் போராயின. சோமாலிலாந்து நகரின் மீது மாதக்கணக்கில் பீரங்கித் தாக்குதல் நடத்தியது; பெருந்தொகையான மக்கள் வெளியேறினர். தன் பிறப்புக்குக் காரணமாக ஹர்கெய்சாவின் குண்டுவீச்சைச் சொல்லும் அரசு இவ்வாறு செய்ததை அதன் ஆதரவாளர்கள் பலரும் எளிதில் கடந்து சென்றது எனக்கு வருத்தம் தந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சோமாலிலாந்துப் படைகள் நகருக்கு வெளியே இருந்த தளத்தையும் இழந்து மேற்கே பின்வாங்கின. அக்டோபரில் மொகதிசு அங்கே ஓர் இடைக்கால நிர்வாகத்தை அங்கீகரித்தது.

இப்போது போர்முனை நிற்கும் இடம் 1894-இல் பிரிட்டனும் இத்தாலியும் வகுத்த கோட்டுக்கு வெகு மேற்கே இருக்கிறது. ஏறத்தாழ இசாக் குடியிருப்புகள் முடிந்து துல்பஹாந்தே குடியிருப்புகள் தொடங்கும் இடம் அது. எந்த ஒப்பந்தத்திலும் அந்த எல்லை இல்லை. ஹர்கெய்சா அச்சிடும் வரைபடங்களிலும் இல்லை.